ஒரு டிகிரி கூட்டி

முப்பத்தேழு புள்ளி நாலு. பரஞ்சோதி மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அந்தக் குட்டிச் சதுரத்துக்குள் முப்பத்தேழு புள்ளி நாலுதான் இருந்தது. இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்? காய்ச்சல் என்றால் தொண்ணூற்றெட்டு, நூறு, நூற்றிரண்டு என்று இருக்க வேண்டும். அவருக்கு அப்படித்தான் தெரியும், உறையூர் முழுக்க அப்படித்தான் தெரியும். முப்பத்தேழு என்பது காய்ச்சலே இல்லை, அது இடுப்பளவு. பேங்கில் உட்கார்ந்து வேலை பார்த்துத் தொந்தி வைத்த ஆளின் பேன்ட் இடுப்பு. இந்த ஊரில் எத்தனை முப்பத்தேழு இடுப்புகளுக்குத் துணி வெட்டியிருப்பார் அவர், ஒன்றுகூட இப்படி அவரைத் திண்டாட வைத்ததில்லை. உள் அறையில் அவர் மனைவி குழலி படுத்திருந்தாள். மட்டுவார்குழலி என்று மலைக்கோட்டைத் தாயார் பெயரை முழுசாக வைத்திருந்தார்கள், கூப்பிட நேரமில்லாமல் குழலி ஆகிவிட்டது. மார்பில் கட்டி என்று எடுத்து, கீமோ மருந்து ஏற்றி, இப்போது மூன்றாவது சுற்று முடிந்து பத்து நாள் ஆகிறது. இந்தப் பத்தாவது நாள்தான் ஆகாத நாள் என்று ஆஸ்பத்திரியில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அவர் காதில் ஆஸ்பத்திரிக்குப் போட்ட போன் இருந்தது. போனுக்குள் வீணை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ‘சிஸ்டர் வார்டுல இருக்காங்க, லைன்லயே இருங்க’ என்று ஒரு பெண் சொல்லிவிட்டு அந்த வீணையைத் திறந்துவிட்டுப் போனவள்தான், ஆளையே காணோம்.

நூறு புள்ளி நாலு. அதுதான் கோடு. அதை அவர் மறக்கக் கூடாதென்று பீரோ கதவில் துணியில் குறி போடும் சாக்கட்டியால் பெரிதாக எழுதி வைத்திருந்தார், குழலி முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே. ‘எம் மூஞ்சிக்கு மார்க் போட்ட மாதிரி இருக்கு’ என்றாள் அவள். முடி கொட்டிய பிறகு அவள் அந்தக் கண்ணாடிப் பக்கம் போகிறதில்லை, அது வேறு விஷயம். சிஸ்டர் அன்றைக்குத் தெளிவாகத்தான் சொன்னாள். ‘வாயெல்லாம் புண்ணா இருக்கு, அதனால அக்குள்ல வச்சுப் பாருங்கய்யா. அக்குள்ல பாத்தீங்கன்னா ஒரு டிகிரி கூட்டிக்குங்க. நூறு புள்ளி நாலு தொட்டுச்சுன்னா போன்கூட வேணாம், நேரா எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. சாயங்காலம் ஆகட்டும், வெயில் தாழட்டும்னு மட்டும் வீட்ல வச்சிருக்காதீங்க. இந்த நாள்ல அவங்க ரத்தத்துல எதுத்து நிக்க ஆளே இருக்காது.’ எதிர்த்து நிற்க ஆள் இல்லாத ரத்தம். அந்த வார்த்தை அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வாசல் காவல்காரன் ஊருக்குப் போன வீடு. யார் வேண்டுமானாலும் வரலாம். அன்றிலிருந்து கறிகாய்க்காரம்மாவைக்கூட அவர் படிக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார், அவளுக்குக் கோபம். கோபித்துக்கொண்டு போகட்டும். அப்போது வீட்டில் பழைய கண்ணாடி தெர்மாமீட்டர் இருந்தது. உதறி, அக்குளில் வைத்து, பாதரசம் நிற்கும் இடத்தைப் பார்த்து, ஒன்று கூட்டினால் முடிந்தது. போன வாரம் அது மேஜையிலிருந்து உருண்டு விழுந்து உடைந்தது. குண்டூசி பொறுக்குகிற காந்தத்தைக் கொண்டுபோய் அந்த வெள்ளி உருண்டைகளுக்குப் பக்கத்தில் காட்டினார், ஒன்றும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூனாவில் இருக்கும் மகள் தேன்மொழி பதறிப்போய், ‘அப்பா, கையால தொடாதீங்க, காகிதத்துல அள்ளுங்க’ என்று கத்திவிட்டு, அங்கிருந்தே புதுசு ஒன்றை வரவழைத்து அனுப்பினாள். அதுதான் இது. ‘அந்தப் பட்டனை அழுத்திப் பிடிங்கப்பா, செல்சியஸ்லேருந்து பாரன்ஹீட்டுக்கு மாறும்’ என்றாள். அழுத்திப் பிடித்தார். கட்டைவிரல் சிவந்துதான் மிச்சம். இது மாறாத ஜாதி.

மேஜையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணி காக்கியும் வெள்ளையுமாகக் கிடந்தது. மே மாசம், ஜூனுக்குள் கொடுக்க வேண்டிய கால்சட்டைகள், பாதி வெட்டி பாதி வெட்டாமல். அவர் காக்கித் துணியை ஒதுக்கிவிட்டு மேஜைப் பலகையிலேயே சாக்கால் எழுதினார். போனில் கணக்குப் போடலாம், ஆனால் போன் காதில் இருக்கிறது, வைத்தால் வரிசை போய்விடும். தேன்மொழி சொல்லிக்கொடுத்த வழி இருக்கிறது. ரெட்டிக்கணும், பத்தில் ஒரு பங்கைக் கழிக்கணும், முப்பத்திரண்டு கூட்டணும். முப்பத்தேழு புள்ளி நாலை ரெட்டித்தால் எழுபத்துநாலு புள்ளி எட்டு. பத்தில் ஒரு பங்கு ஏழரை. போக அறுபத்தேழு புள்ளி மூன்று. முப்பத்திரண்டைக் கூட்டினால் தொண்ணூற்றொன்பது புள்ளி மூன்று. அக்குளுக்கு ஒன்று. நூறு புள்ளி மூன்று. அவர் மூச்சு விட்டார். ஒரு நூல் குறைவு. விட்ட மூச்சைத் திரும்ப இழுப்பதற்குள் ஒரு சந்தேகம் வந்தது. ஒன்றைக் கடைசியில் கூட்டலாமா, முதலிலேயே கூட்டியிருக்க வேண்டாமா? அக்குளில்தானே குறைகிறது? அக்குளில் பார்த்தது முப்பத்தேழு புள்ளி நாலு, அதிலேயே ஒன்றைக் கூட்டினால் முப்பத்தெட்டு புள்ளி நாலு. ரெட்டித்து, ஏழே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாகக் கழித்து, முப்பத்திரண்டைக் கூட்டினால், நூற்றொன்று புள்ளி ஒன்று. சாக்கட்டி கையில் நின்றது. கோட்டைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. அதே பெண்டாட்டி, அதே அக்குள், அதே தெர்மாமீட்டர். ஒன்றை முன்னால் கூட்டினால் இப்போதே ஆட்டோ பிடிக்க வேண்டும், பின்னால் கூட்டினால் அவளைத் தூங்க விடலாம். இப்படியும் ஒரு கணக்கு உண்டா உலகத்தில்? கூட்டலை எப்போது கூட்டினால் என்ன என்றுதானே வாத்தியார் சொன்னார். அந்த வாத்தியார் இருந்தால் காதைப் பிடித்துத் திருகிக் கேட்கலாம்.

உள்ளே மின்விசிறி கடக், கடக் என்று ஒரு சுற்றுக்கு ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவருக்கு ஒரு எண்ணம். குழலிக்கு ஃபேன் இல்லாமல் ஆகாது. மார்கழியிலும் ஐந்தில் ஓட வேண்டும். கல்யாணமான புதிதில், அவர் போர்வைக்குள் சுருண்டுகொண்டு ‘மூணுல வையேன்டி’ என்று கெஞ்சியதும், அவள் ‘எனக்கு உள்ளுக்குள்ள எரியுதுங்க, உங்களுக்கென்ன, நீங்க ஐஸ்கட்டி’ என்று சொல்லிவிட்டுக் கட்டிலையே இழுத்து ஃபேனுக்கு நேர் கீழே போட்டுக்கொண்டதும் இந்தத் தெருவுக்கே தெரியும், ஏனென்றால் கட்டில் இழுத்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். கொடைக்கானல் போனபோது லாட்ஜ்காரனிடம் ‘தம்பி, ரூம்ல ஃபேன் காணோமே’ என்று கேட்டாளே, அவன் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆனது. கரண்டு போனால் காலர் வெட்டும் அட்டையை எடுத்து விசிறிக்கொள்வாள், அவருடைய பதினைந்தரை காலர் அட்டை வளைந்து போனது அப்படித்தான். ஒரே வீட்டில் ஒரே காற்றில் இரண்டு பேருக்கு இரண்டு அளவு. அவருக்குக் குளிர்கிற இடத்தில் அவளுக்கு வேர்க்கும். எத்தனை வருஷம் ஒன்றாக இருந்தும் அவளுடைய சூட்டை அவர் ஒருநாளும் சரியாகக் கணக்குப் போட்டதில்லை. இப்போது இந்தக் கருவி அவள் சூட்டை எண்ணாகவே எழுதிக் காட்டுகிறது, அதையும் படிக்கத் தெரியவில்லை. வீணை மறுபடி ஆரம்பத்திலிருந்து வந்தது. அந்த வாசிப்பில் ஓரிடத்தில் விரல் லேசாகச் சறுக்குவதுகூட அவருக்கு இதற்குள் பழகிவிட்டது.

கூட்டிக்கொண்டு போய்விட்டால்தான் என்ன? எதற்கு இந்த வெட்டிக் கணக்கு, ஆட்டோவில் ஏற்றினால் முடிந்தது. முடியாது. போன சுற்றில் அதைத்தான் செய்தார். கோட்டைத் தொடவே இல்லை, தொண்ணூற்றொன்பது சில்லறை, இவருக்குப் பொறுக்கவில்லை, பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனார். நரம்பு கிடைக்கவில்லை. மருந்து ஏற்றி ஏற்றி அவள் கை நரம்பெல்லாம் உள்ளே ஒளிந்துகொண்டிருந்தது. புறங்கையில் குத்தினார்கள், மணிக்கட்டில் குத்தினார்கள், கடைசியில் காலில். தையல் மிஷினில் ஊசி விரலுக்குள் இறங்கியபோதுகூட அவர் அப்படிக் கண்ணை மூடியதில்லை. மறுநாள் சாயங்காலம், ‘ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போங்க’ என்றார்கள். ஆட்டோவில் அவள் வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி சொன்னாள்: ‘கோடு தாண்டினா சொல்லுங்க, நானே முன்னால வந்து ஏறி உக்காந்துக்குறேன். தாண்டாம இன்னொரு தடவை கூட்டிட்டுப் போனீங்கன்னா, அப்புறம் எந்த மருந்துக்கும் நான் வர மாட்டேன். சத்தியமா வர மாட்டேன்.’ சொன்னால் செய்கிறவள். ஆக, போனாலும் தப்பாகலாம், போகாவிட்டாலும் தப்பாகலாம். போகாத தப்பு பெரிய தப்பு. அந்தத் தப்புக்குப் பிறகு இந்த வீட்டில் ஃபேன் எந்த நம்பரில் ஓடினாலும் கேட்க ஆள் இருக்காது. சட்டென்று அந்த இடத்திலிருந்து மனசைப் பிடுங்கிக்கொண்டார். பயமாக இருந்தது, வேறு என்ன சொல்வது, சின்னப் பிள்ளை மாதிரிப் பயமாக இருந்தது. இன்றைக்குக் காலையில்தான் அவள் இத்தனை நாளுக்குப் பிறகு வாயைத் திறந்து ஒன்று கேட்டிருந்தாள். ‘மிளகு ரசம் வைங்களேன், நாக்குல கொஞ்சம் ருசி திரும்பின மாதிரி இருக்கு.’ ரசம் அடுப்பில் நுரை கட்டி இறக்கி வைத்தபடி இருந்தது. அதைக் குடிக்காமலா?

காலைப் பேப்பர் மேஜை மூலையில் கிடந்தது. ‘திருச்சியில் சதமடித்த வெயில், 105 டிகிரி’. பேப்பர்காரன் நல்லவன், புரிகிற பாஷையில் எழுதுகிறான். குழலியின் போனில் பார்த்தால் நாற்பது என்று போட்டிருக்கும், நாற்பது என்றால் வெயிலா அது, நாற்பது எந்த ஊர்ச் சதம்? வெயில் சதமடித்தால் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள், குழலி சதமடித்தால் என்ன போடுவார்கள்? சே, என்ன நினைப்பு இது. கழுத்தில் தொங்கிய டேப்பை அவர் கை தானாகத் தடவியது. இந்த டேப்பில் ஒரு பக்கம் இஞ்சு, மறுபக்கம் சென்டிமீட்டர், திருப்பினால் போதும், கணக்கே வேண்டாம். இரண்டும் ஒரே பித்தளை நுனியிலிருந்துதான் ஆரம்பிக்கும். அதுதான் யோக்கியமான வேலை. இந்த டிகிரிக்காரர்கள் மட்டும் ஏன் ஒருத்தன் பூஜ்யத்திலும் இன்னொருத்தன் முப்பத்திரண்டிலும் ஆரம்பித்தார்கள்? நுனி கிழிந்த டேப் மாதிரி. நுனி கிழிந்தால் ஒன்றாம் இஞ்சிலிருந்து பிடித்து அளந்து கடைசியில் ஒன்றைக் கழித்துக்கொள்வோம். அவள் ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு புது ரவிக்கைக்கு அளவெடுத்தது அப்படிக் கிழிந்த டேப்பில்தான். முன்பக்கம் கொக்கி வைத்து, தழும்பில் உரசாமல், உள்ளே மல் துணி கொடுத்து. பழைய அளவு அவருக்கு மனப்பாடம், எடுக்கவே வேண்டியதில்லை, ஆனால் அவள், ‘பழச வச்சு வெட்டாதீங்க, புதுசா எடுங்க’ என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கைக்குழியைச் சுற்றி டேப்பைப் போட்டு அளந்தார். கிழிந்த நுனிக்கு ஒன்றைக் கழிக்க மறந்து எழுதினார், அவள்தான், ‘ஒண்ணு கழிச்சீங்களா?’ என்று கேட்டாள்.

ஒன்று. எந்த ஒன்று? அவருக்குப் பன்னீரின் முகம் ஞாபகம் வந்தது. கடையில் அவருக்குத் துணையாக வெட்டிக்கொண்டிருந்தவன், நல்ல கை, ஆனால் யோசிக்கச் சொன்னால் கொட்டாவி விடுவான். துபாயிலிருந்து வந்த ஒருத்தர் அளவெல்லாம் சென்டிமீட்டரில் சொன்னார். பன்னீர் சென்டிமீட்டரிலேயே குறித்துக்கொண்டான், சென்டிமீட்டர் பக்கம் திருப்பியே வெட்டினான், எல்லாம் சரி. தையலுக்கு விட வேண்டிய துணிக்கு எப்போதும் போல ஒன்று கூட்டினான். ஒரு இஞ்சு கூட்ட வேண்டிய இடத்தில் ஒரு சென்டிமீட்டர். துபாய்க்காரர் மாமனார் வீட்டு விருந்தில் பந்தியில் உட்கார்ந்தார், பேன்ட் பின்பக்கம் டர்ரென்று போனது. ‘ஒண்ணு கூட்டினேனே அண்ணே, எப்பவும் போலத்தானே கூட்டினேன்!’ ‘எந்த ஒண்ணுடா கூட்டின?’ அவன் முழித்த முழி. இப்போது பரஞ்சோதியும் அதே முழிதான் முழித்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் சொன்ன ஒன்று எந்த ஒன்று? நூறு புள்ளி நாலு என்று சொன்ன அதே மூச்சில்தானே ஒரு டிகிரி கூட்டச் சொன்னாள். அப்படியானால் அது பாரன்ஹீட் வீட்டு ஒன்று. பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரின் ஒன்று. இந்தப் புதுக் கருவியின் ஒன்று பெரிய ஒன்று, ரெட்டிப்புக்குக் கொஞ்சம் குறைச்சல். பெரிய ஒன்றைக் கொண்டுபோய் முன்னால் கூட்டினால் கணக்கு வீங்கத்தான் செய்யும். ஆக, முதலில் மாற்ற வேண்டும், பிறகுதான் கூட்ட வேண்டும். நூறு புள்ளி மூன்றுதான் சரி. அவர் நூற்றொன்றை உள்ளங்கையால் அழித்தார். கை வெள்ளையானது. பன்னீர், நீ நல்லா இரு, எங்கே இருக்கிறாயோ. கோடு தாண்டவில்லை. ஒரு நூல், ஒரே ஒரு நூல் குறைவு, ஆனால் குறைவு குறைவுதான். அவளிடம் சொல்லலாம். ரசத்தைச் சூடு பண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை வைத்துப் பார்க்கலாம். குத்து வாங்க வேண்டாம். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கணக்கு சரியாக வந்ததற்குப் போய் அழுகிற முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

“ஏங்க.” உள்ளேயிருந்து. குரல் சன்னமாக வந்தது.

“தாண்டலடி!” என்றார் அவர், வீணை காதில் ஓடிக்கொண்டிருக்க, சாக்கட்டி படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு. “நான் சரியாப் போட்டுப் பாத்துட்டேன். கோட்டுக்கு ஒரு நூல் கம்மி. நீ பாட்டுக்குப் படு, ரசம் கொண்டாறேன்.”

“அது கெடக்கட்டும்.” ஃபேன் கடக், கடக் என்றது. “இந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்.”

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். மேஜையில் நூறு புள்ளி மூன்று தெளிவாக, ஒரு பிசிறில்லாமல், அவர் வெட்டுக்குறி போடுகிற அதே கையெழுத்தில் இருந்தது. கணக்கில் தப்பே இல்லை. வெளியே சிமெண்டுத் தளம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது, ஜன்னல் கம்பியைத் தொட்டால் சுடும், அவரே மேல்சட்டை இல்லாமல் முதுகெல்லாம் வழிய நின்றுகொண்டிருக்கிறார். அறைக்குள் போனார். குழலி ஒருக்களித்து, முழங்காலை மார்போடு இழுத்துக்கொண்டு, அவருடைய போர்வைக்குள் இருந்தாள். அவருடைய மார்கழிப் போர்வை, பீரோவின் அடித்தட்டிலிருந்து எப்போது எடுத்தாளோ தெரியவில்லை. தாடை கிடுகிடுவென்று ஆடியது, அதை நிறுத்தப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். அவர் ரெகுலேட்டரைத் திருப்பினார். நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. அதற்குக் கீழே அந்தக் குமிழைத் திருப்பிப் பழக்கமே இல்லை, முரண்டு பிடித்தது, அழுத்தித் திருப்பினார். கடக் என்று ஒரு சத்தம் வந்தது, அடுத்ததற்கு நேரமாயிற்று, அதற்கடுத்தது வரவில்லை. அவர் ஒரு கையால் அலமாரியிலிருந்து அவளுடைய முன்கொக்கி ரவிக்கையையும் ஆஸ்பத்திரிப் பையையும் இழுத்தார்.

“நீங்கதான் தாண்டலன்னீங்களே” என்றாள் அவள், பல் தந்தியடிக்க.

“எந்திரிம்மா” என்றார். அவளை அவர் அம்மா என்று கூப்பிட்டதே கிடையாது. “என்னைப் பிடிச்சுக்கோ. எந்திரி.”

வீணை பாதியில் அறுந்தது. “ஹலோ, சிஸ்டர் பேசுறேன். சாரிங்கய்யா, வார்டுல இருந்தேன். டெம்பரேச்சர் எவ்வளவு இருக்கு?”

“ஃபேனை நிறுத்தச் சொல்றா, சிஸ்டர்” என்றார் பரஞ்சோதி.

“என்னது? டெம்பரேச்சர் எவ்வளவுங்கய்யா?”

“குளிருதாம், சிஸ்டர். எம் பொண்டாட்டிக்குக் குளிருதாம். இந்தா, கிளம்பிட்டோம்.”